யு-9 நீர்மூழ்கி மூன்று க்ரூசர்களை மூழ்கடித்தது எப்படி, அதன் பின் அதற்கு என்ன ஆயிற்று?

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒரே காலையில் மூன்று பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்ததாகப் படித்தீர்கள். அத்தனை வல்லமை வாய்ந்த கப்பல் போரின் எஞ்சிய நான்கு ஆண்டுகளில் என்ன செய்தது, அது கருங்கடலில் குண்டுவீச்சில் அழிந்ததாக ஓரிடத்தில் எழுதியிருப்பது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளாகத் தோன்றினாலும், வெற்றிக்குக் காரணம் அந்தக் கப்பலின் திறன்தானா என்ற ஒரே ஐயம்தான் இவற்றின் அடியில் இருக்கிறது. மூன்று கப்பல்களை அது மூழ்கடித்தது உண்மை. ஆனால் அதிலிருந்து அது வல்லமை வாய்ந்த கப்பல் என்ற முடிவுக்கு வந்தால் அது பிழையாகிவிடும். நான் வணிகக் கப்பல்களின் இயந்திர அறையில் பல்லாண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீர்மூழ்கியில் பணியாற்றியவன் அல்லன். ஆகவே இயந்திரத்தையும் கப்பலின் சமநிலையையும் பற்றிச் சொல்வதைத் தொழில் அனுபவத்தோடு சொல்கிறேன். போர் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்வது அக்கால அறிக்கைகளையும் உடனிருந்தோர் எழுதிவைத்தவற்றையும் படித்து ஒப்பிட்டதன் பயன்.

யு-9 டான்சிக் நகரில், அதாவது இன்றைய போலந்தின் கிடான்ஸ்கில், அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு 1910 பிப்ரவரியில் நீரில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 57 மீட்டருக்குச் சற்று அதிகம். நீர்மட்டத்தில் எடை 500 டன்னுக்குச் சற்றுக் குறைவு. சுமார் 30 பேர் அதில் வாழ்ந்து வேலை செய்தார்கள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு டார்பிடோ குழாய்கள். மொத்தம் ஆறு டார்பிடோக்கள். அதன் பெரிய குறை இயந்திரம். டீசல் இயந்திரம் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் யு-19 முதல்தான் வந்தது. யு-9 ஓடியது மண்ணெண்ணெயில். கோர்ட்டிங் நிறுவனத்தின் அந்த இயந்திரங்கள் பகலில் அடர்ந்த வெண்புகையைக் கக்கின. இரவில் புகைபோக்கியின் வாயில் தீக்கொழுந்து தெரியும். ஒளிந்து தாக்குவதற்கென்றே பிறந்த கப்பல் தன் இருப்பிடத்தை அடிவானம் வரை அறிவித்துக்கொண்டு போவதற்கு இது சமம். போதாக்குறைக்கு, அவற்றைப் பின்னோக்கிச் சுழற்ற வழியில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் எளிதன்று. நுணுக்கமாகக் கப்பலைத் திருப்ப வேண்டிய இடங்களில் மின்மோட்டாரின் உதவி தேவைப்பட்டது. மூழ்குவதற்கு முன் புகைபோக்கியை இறக்கி, திறப்புகளை அடைத்து முடிப்பதற்கும் நேரம் பிடித்தது. போர் மூண்ட போதே இது பழைய வகைக் கப்பல்.

போரின் முதல் வாரத்தில் அதன் நடத்தையும் இதற்கேற்பவே இருந்தது. 1914 ஆகஸ்ட் 6 அன்று ஹெலிகோலாந்து தீவிலிருந்து பத்து நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் பெருங்கடற்படையைத் தேடி வடக்கே புறப்பட்டன. அவற்றில் யு-9 இயந்திரக் கோளாறால் பாதியிலேயே திரும்பிவிட்டது. யு-15-ஐ பர்மிங்ஹாம் என்ற இலகு க்ரூசர் மோதி மூழ்கடித்தது. யு-13 திரும்பி வரவே இல்லை. எதிரிக்குச் சேதம் ஏதுமில்லை. நீர்மூழ்கி என்பது துறைமுகக் காவலுக்கு உதவும் சிறு கருவி என்று இரு தரப்பிலும் மூத்த அதிகாரிகள் பலர் நினைத்ததற்கு இத்தகைய தொடக்கங்களும் காரணம்.

ஆனால் யு-9-இன் மாலுமிகளிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு பயிற்சி இருந்தது. 1914 ஜூலையில், போருக்குச் சில வாரங்களே இருந்தபோது, அவர்கள் நீருக்கடியில் இருந்தபடியே காலிக் குழாயில் மறு டார்பிடோவை ஏற்றிக் காட்டினார்கள். அதுவரை எந்த நீர்மூழ்கியும் இதைச் செய்து வெற்றி கண்டதில்லை. ஒரு டார்பிடோவின் எடை ஏறத்தாழ முக்கால் டன். அது குழாயை விட்டு வெளியேறும் நொடியில் கப்பலின் முனை லேசாகி மேலெழும். அதைத் தொட்டிகளில் நீரேற்றி ஈடுகட்ட வேண்டும். அதன் பின் மற்றொன்றைக் குறுகிய அறைக்குள் நகர்த்திக் குழாயில் நுழைக்கும்போது எடை மீண்டும் இடம் மாறும். பெரிய கப்பலில் இந்த அளவு எடைமாற்றம் தெரியவே தெரியாது. 500 டன் கப்பல் பெரிஸ்கோப் ஆழத்தில் மெதுவாக நகரும்போது இதுவே அதைக் காட்டிக்கொடுக்கப் போதும். தலைவர் ஓட்டோ வெட்டிகன் இந்தப் பயிற்சியை விடாமல் செய்வித்தவர். செப்டம்பர் 22-இன் கதையில் பாதி இங்கேயே முடிவாகிவிட்டது என்பது என் கருத்து.

மீதிப் பாதி பிரிட்டிஷ் தரப்பில் இருக்கிறது. ஹாலந்துக் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஆழமற்ற கடற்பகுதியில் கிரெஸ்ஸி வகையைச் சேர்ந்த பழைய கவச க்ரூசர்கள் காவல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 12,000 டன். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்டவை. அவற்றில் பெரும்பாலோர் போருக்காக மீண்டும் அழைக்கப்பட்ட நடுவயது சேமப்படை மாலுமிகள். கூடவே டார்ட்மத் கடற்படைப் பள்ளியிலிருந்து நேராக அனுப்பப்பட்ட பதினைந்து வயதுப் பையன்கள். கடற்படைக்குள்ளேயே இந்த அணியை உயிர்த்தூண்டில் அணி என்று கேலியாக அழைத்தார்கள். இந்தக் காவலைத் தொடரக் கூடாது என்று செப்டம்பர் 18 அன்றே கடற்படை அமைச்சர் சர்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். ஆனாலும் மறுநாள் கடற்படைத் தலைமையகத்திலிருந்து போன தந்தி, வானிலை மோசமாக இருப்பதால் வடகடலின் நடுவே உள்ள டாகர் திட்டுப் பக்கம் போக வேண்டாம், தெற்குப் பகுதியைக் காவல் காக்கவும் என்றே சொன்னது. புயலில் துணைக்கு வரும் நாசகாரிக் கப்பல்கள் துறைமுகம் திரும்பின. அணித் தலைவர் ரியர் அட்மிரல் கிறிஸ்டியன் தம் கப்பலுக்கு நிலக்கரி ஏற்ற விலகிச் சென்றார். அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி மூன்றும் அபூக்கிரின் கேப்டன் டிரமண்டின் பொறுப்பில், இரண்டு மைல் இடைவெளியில், 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில், நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தன.

யு-9 அங்கே வந்து சேர்ந்ததும் திட்டமிட்டு அன்று. ஆஸ்டெண்டில் இறங்கும் பிரிட்டிஷ் படைக்கப்பல்களைத் தாக்கவே அது அனுப்பப்பட்டது. வழியில் கைரோ திசைகாட்டி பழுதாகி, போக வேண்டிய பாதையை விட்டு ஐம்பது கடல் மைலுக்கு மேல் விலகி ஹாலந்துக் கரையோரம் வந்துவிட்டது. புயலுக்கு அஞ்சிக் கடலடியில் கிடந்து இரவைக் கழித்து, நீருக்கடியில் மின்மோட்டாரை ஓட்டும் பேட்டரிகளுக்கு மின்னேற்ற விடியலில் மேலே வந்தபோது கடல் அமைதியாகியிருந்தது. அடிவானத்தில் பாய்மரத் தண்டுகள் தெரிந்தன. வெண்புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று இயந்திரங்களை உடனே நிறுத்தி மூழ்கினார்கள். வெட்டிகனின் துணை அதிகாரியாக இருந்த யோஹன்னஸ் ஷ்பீஸ் இவற்றையெல்லாம் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பிரிட்டிஷ் நேரப்படி காலை 6.20 அளவில், சுமார் 500 மீட்டர் தொலைவிலிருந்து பாய்ந்த ஒரு டார்பிடோ அபூக்கிரைத் தாக்கியது. டிரமண்ட் அதைக் கடற்கண்ணி என்று எண்ணி மற்ற இரு கப்பல்களையும் உதவிக்கு நெருங்கி வரச் சொன்னார். நீர்மூழ்கியாக இருக்கலாம் என்று தெரிய வந்தபோது அபூக்கிர் கவிழ்ந்துகொண்டிருந்தது. ஹோக் ஏறத்தாழ நின்ற நிலையில் படகுகளை இறக்கியது. அதற்குள் யு-9 நீருக்கடியில் காலிக் குழாயை நிரப்பிக்கொண்டு, 6.55 அளவில் 300 மீட்டரில் இரண்டு டார்பிடோக்களை விட்டது. இரண்டும் பட்டன. இரண்டு டார்பிடோக்களின் எடை ஒரே நேரத்தில் நீங்கியதால் முனை நீருக்கு மேலே எழுந்துவிட்டது. சாய்ந்துகொண்டிருந்த ஹோக்கின் பீரங்கிகள் அதன் மீது சுட்டன. இலக்குக்கு அவ்வளவு அருகில் போய்விட்டதால், அதன் மீதே மோதிவிடாதிருக்க மின்மோட்டாரால் ஓர் உந்து விசிறியைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டியதாயிற்று. தொட்டிகளில் நீர் ஏற்றும் பம்புகள் ஈடுகொடுக்காதபோது, கையில் வேலையில்லாத மாலுமிகளை முன்னும் பின்னுமாக ஓடவைத்து, அவர்களின் உடல் எடையைக் கொண்டே கப்பலை நிலைநிறுத்தினார்கள் என்று ஷ்பீஸ் எழுதுகிறார். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். அந்த அளவுக் கப்பலில் இருபது பேர் நகர்ந்தால் ஒன்றரை டன் நகர்கிறது என்பதால் எனக்கு அதை நம்புவதில் தயக்கமே இல்லை.

பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. முன்குழாய்கள் காலி. வெட்டிகன் கப்பலைத் திருப்பி, பின்குழாய்களிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டரில் இரண்டை கிரெஸ்ஸியின் மேல் விட்டார். ஒன்று தவறியது, ஒன்று பட்டது. கடைசி டார்பிடோவை முன்குழாயில் ஏற்றி 7.30 அளவில் அதையும் விட்டார். 7.55-க்கு கிரெஸ்ஸி மூழ்கிவிட்டது. அதன் படகுகள் அனைத்தும் ஏற்கெனவே மற்ற இரு கப்பல்களின் மாலுமிகளைச் சுமந்து நின்றதால், அதன் சொந்த மாலுமிகளுக்கு ஏற ஒரு படகும் இல்லை. இறந்தோர் 1,459 பேர். பிழைத்தோர் 837 பேர். டிரஃபால்கர் போரில் நெல்சனின் முழு அணியும் இழந்ததைப் போல மும்மடங்கு இது. ஃப்ளோரா, டைட்டன் என்ற டச்சு நீராவிக் கப்பல்களும் லோஸ்டாஃப்ட் துறைமுகத்து மீன்பிடிக் கப்பல்களும் பிழைத்தவர்களைத் தூக்கினர். பிரிட்டிஷ் நாசகாரிகள் வந்து சேர்ந்தபோது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். முதல் அடியிலிருந்து கடைசிக் கப்பல் மூழ்கும் வரை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். ஜெர்மன் குறிப்புகளில் நேரம் ஒரு மணி கூடுதலாக இருப்பதற்கு இரு நாட்டுக் கடிகாரங்களின் வேறுபாடே காரணம். அதை முரண்பாடாகக் கொள்ள வேண்டாம். பிழைத்த பிரிட்டிஷ் மாலுமிகளில் பலர் மூன்று நான்கு நீர்மூழ்கிகளைக் கண்டதாகவும், அவற்றில் ஒன்றைச் சுட்டு மூழ்கடித்ததாகவும், டச்சுக் கொடி கட்டிய மீன்பிடிக் கப்பல் ஒன்று எதிரிக்கு உதவியதாகவும் சாட்சியம் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மிதக்கும் மரத்துண்டுகள் நடுவே உயிருக்குப் போராடியவர்களின் கண்ணில் ஒவ்வொரு துண்டும் பெரிஸ்கோப்பாகத் தெரிந்திருக்கும். அங்கே இருந்தது யு-9 மட்டுமே என்பதில் இன்று ஐயமில்லை. மறுபக்கம், வெட்டிகனே சொன்னதாக அக்காலச் செய்தித்தாள்களில் வந்த விவரணையை நான் முழுவதும் நம்ப மாட்டேன். அதில் அவர் கப்பல்களைத் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டுகொண்டதாக வருகிறது. அவர் அவற்றைப் பர்மிங்ஹாம் வகை இலகு க்ரூசர்கள் என்று எண்ணியே தாக்கினார், யு-15-க்குப் பழிவாங்கியதாகக் கருதினார் என்று ஷ்பீஸ் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தாக்கியது என்ன வகைக் கப்பல் என்பதைத் துறைமுகம் சேர்ந்த பின் பெருமைக்காகக் குறைத்துச் சொல்ல எவருக்கும் காரணமில்லை.

விசாரணை மன்றம் டிரமண்டைக் கண்டித்தது. நீர்மூழ்கி குறிவைக்க முடியாதபடி கோணல்மாணலாகச் செல்லாததும், கடல் தணிந்தவுடன் நாசகாரிகளை அழைக்காததும் அவர் மீது சொல்லப்பட்ட குறைகள். கிறிஸ்டியனும் தப்பவில்லை. ஆனால் பெரும்பழி அந்தக் காவலையே தொடரவிட்ட தலைமையகத்தின் மீது விழுந்தது, அதுவே நியாயம் என்று நினைக்கிறேன். மற்ற இரு கேப்டன்கள் நின்று மீட்க முயன்றதை மட்டும் நான் முட்டாள்தனம் என்று சொல்லத் துணிய மாட்டேன். கண்ணெதிரே எழுநூறு பேர் நீரில் தவிக்கும்போது கப்பலைத் திருப்பிக்கொண்டு போ என்று கட்டளையிட அதுவரை எந்தக் கடல் மரபும் சொல்லிக்கொடுத்ததில்லை. இதன் பின்தான், நீர்மூழ்கி இருக்கக்கூடிய கடலில் பெரிய போர்க்கப்பல் எதுவும் மீட்புக்காக நிற்கக் கூடாது என்று பிரிட்டிஷ் தலைமையகம் உத்தரவிட்டது.

செப்டம்பர் 23 அன்று யு-9 வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் திரும்பியது. வெட்டிகனுக்கு இரும்புச் சிலுவையின் இரு வகுப்புகளும், மாலுமிகள் அனைவருக்கும் இரண்டாம் வகுப்பும் கிடைத்தன. கப்பலுக்கே இரும்புச் சிலுவையைச் சின்னமாகத் தாங்கும் உரிமையும் தரப்பட்டது. அந்தப் போரில் இந்தச் சிறப்பைப் பெற்ற மற்றொரு ஜெர்மன் கப்பல் நமக்கு நன்கு அறிமுகமான எம்டன். மூன்று க்ரூசர்கள் மூழ்கிய அதே செப்டம்பர் 22-இன் இரவில்தான் எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இரண்டுக்கும் இடையே எந்த ஏற்பாடும் இல்லை, தற்செயல்தான்.

அக்டோபர் 15 அன்று யு-9 ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்குக் கிழக்கே ஹாக் என்ற பழைய க்ரூசரையும் மூழ்கடித்தது. அது 1911-இல் ஒலிம்பிக் என்ற பயணிகள் கப்பலோடு மோதிப் பெயர்பெற்ற அதே ஹாக். எண்டிமியன் என்ற துணைக் கப்பலிடமிருந்து தபால் பை வாங்க நின்றுவிட்டு, அணியில் தன் இடத்தைப் பிடிப்பதற்காக நேர்கோட்டில் 13 நாட் வேகத்தில் விரைந்தபோது அடிபட்டுச் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவர்கள் சுமார் 70 பேர். மூன்று வாரங்களுக்கு முன் படித்த பாடம் அணியின் எல்லாக் கப்பல்களுக்கும் போய்ச் சேரவில்லை என்றே இதைக் கொள்ள வேண்டும். ஆனால் தலைமைக்கு அச்சம் போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள் நீர்மூழ்கி புகுந்துவிட்டதாக எழுந்த பொய்யான அலறலில் பிரிட்டிஷ் பெருங்கடற்படை அயர்லாந்தின் வடகரைக்கு இடம் மாறியது. அங்கே அக்டோபர் 27 அன்று ஆடேஷியஸ் என்ற புதிய போர்க்கப்பல் கடற்கண்ணியில் சிக்கி மூழ்கியது. யு-9 மூழ்கடித்தவை பழைய கப்பல்கள், அவற்றால் கடற்படைப் பலம் குறையவில்லை என்பார்கள். அது சரி. ஒரு பெரிய கடற்படையைத் தன் தளத்தை விட்டு நகரவைத்த அச்சத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதன் பின் என்ன செய்தது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹாக்கின் அழிவுக்குப் பின் ஜெர்மனியின் உயர்ந்த படை விருதான பூர் லெ மெரித்தைப் பெற்ற வெட்டிகன், 1915 தொடக்கத்தில் டீசலில் ஓடும் யு-29-க்கு மாற்றப்பட்டார். மார்ச் 18 அன்று ஸ்காட்லாந்தின் வடக்கே பிரிட்டிஷ் அணியொன்றைத் தாக்க முயன்றபோது, ட்ரெட்னாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் யு-29 மீது ஏறி மோதியது, ஒருவரும் பிழைக்கவில்லை. நீரிலிருந்து எழுந்த முனையில் 29 என்ற எண்ணைப் பார்த்தே எதை மூழ்கடித்தோம் என்று பிரிட்டிஷார் அறிந்தனர். பிரிட்டன் இதைச் சில காலம் வெளியிடாததால், அவர் வஞ்சகத்தால் கொல்லப்பட்டார் என்ற வதந்தி ஜெர்மனியில் பரவியது; அதை இன்றும் திருப்பிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

யு-9 ஷ்பீஸின் தலைமைக்கு வந்தது. 1915 மே மாதத் தொடக்கத்தில் அவர் வடகடலில் பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தார். ஜூலையில் கப்பல் பால்டிக் கடலுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ரஷ்யர்களுக்கு எதிராகச் சில சிறிய கப்பல்களை அழித்தது. அது மூழ்கடித்த வணிகக் கப்பல்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 10,000 டன்னை எட்டவில்லை. ஷ்பீஸ் திறமை குறைந்தவர் என்று இதற்குப் பொருளில்லை. அவர் பின்னர் வேறு நீர்மூழ்கிகளுக்கும் தலைவராக இருந்தார். எதிரி மாறிவிட்டான், போரின் தன்மையும் மாறிவிட்டது. கோணல்மாணலாக விரையும், நாசகாரிகள் சூழ்ந்த போர்க்கப்பலை நீருக்கடியில் 8 நாட் வேகத்தில் எட்டிப்பிடிக்க முடியாது. அயர்லாந்துக்கு மேற்கே வாரக்கணக்கில் தங்கி வணிகக் கப்பல்களை வேட்டையாட வேண்டிய காலம் வந்தபோது, மண்ணெண்ணெய் இயந்திரமும் ஆறே டார்பிடோக்களும் அதற்குப் போதா. 1916 ஏப்ரலில் யு-9 முன்னணியிலிருந்து விலக்கப்பட்டுப் பயிற்சிக் கப்பலாயிற்று. ஓர் இயந்திரப் பொறியாளனாக நான் இதைத் தாமதமான முடிவு என்றே சொல்வேன்.

போர் முடிந்ததும் 1918 நவம்பர் 26 அன்று அது பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டு, 1919-இல் இங்கிலாந்தின் மோர்கம் நகரில் உடைக்கப்பட்டது. நீங்கள் படித்த கருங்கடல் செய்தி அதே எண்ணைத் தாங்கிய இரண்டாம் உலகப் போர்க் கப்பலைப் பற்றியது. 1935-இல் சேவையில் சேர்ந்த அந்தச் சிறிய கரையோர நீர்மூழ்கி, பழைய யு-9-இன் நினைவாகத் தன் கோபுரத்தில் இரும்புச் சிலுவையைத் தாங்கியது. எல்ப் ஆற்றின் வழியாகவும் தரைவழியாகவும் டான்யூபுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கருங்கடலில் இறக்கப்பட்டது. 1944 ஆகஸ்ட் 20 அன்று ருமேனியாவின் கான்ஸ்டான்சா துறைமுகத்தில் சோவியத் விமானக் குண்டுக்கு இரையானது. இணையத்தில் வெட்டிகனின் கப்பல் என்று சுற்றும் படங்கள் சிலவற்றில் இருப்பது இந்தக் கப்பல்தான். கோபுரத்தில் சிலுவைச் சின்னத்தைப் பார்த்தவுடன் முதல் போர்க் கப்பல் என்று முடிவு செய்யாமல், உயர்த்திய புகைபோக்கியும் வெண்புகையும் படத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; இருந்தால் அது மண்ணெண்ணெய்க் காலத்துக் கப்பல்.